மூன்று தொன் என்றால் எத்தனை தொன்?

கேள்வி: ஐயா, எங்கள் கடை பழைய சோனகத் தெருவில். அப்பா காலத்திலிருந்து ஹாட்வெயார் வியாபாரம். இப்போது டைல்ஸை நேரடியாக இந்தியாவிலிருந்து எடுக்கிறோம். மாதத்துக்கு இரண்டு 20 அடி கொன்டெய்னர். ஒன்றில் 22 பலட் (சாமான் அடுக்கிய மரத்தட்டு), பலட் ஒன்று ஏறக்குறைய 1,200 கிலோ. ஜீ.ஐ. பைப் கட்டுகள் மாதம் ஒரு தடவை லொறியில் வரும், கட்டு ஒன்று ஒன்றரைத் தொன். போன வருடம் பேலியகொடையில் ஸ்டோர்ஸ் ஒன்று வாடகைக்கு எடுத்தோம். சுமை தூக்கும் நாட்டாமைமார் முன்னைப்போல் கிடைப்பதில்லை, இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. புரோக்கர் ஒருவர் ஜப்பான் ரீகண்டிஷன் 3 தொன் டீசல் போர்க்லிப்ட் காட்டினார். பூம் ட்ரக் (கிரேன் பூட்டிய லொறி) வாங்கினால் இறக்க, ஏற்ற, டிலிவரிக்கு எல்லாம் ஒன்றே போதும் என்கிறார் மச்சான். பக்கத்து யார்ட்காரரோ பேக்கோ ஒன்று இருந்தால் எந்த வேலையும் முடியும் என்கிறார். எதை வாங்குவது?
– வாசகர், கொழும்பு 12

பதில்: தம்பி, மூன்று பேர் மூன்று மெஷின் சொல்லியிருக்கிறார்கள். மூவரில் ஒருவராவது டேப் எடுத்து உங்கள் ஸ்டோர்ஸ் வாசலை அளந்ததாகக் கடிதத்தில் இல்லை. நீங்களும் அளக்கவில்லை. ஆனால் சுமையின் கிலோவை எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். எனக்கு வரும் கடிதங்களில் பாதி "பாரமான சாமான் தூக்க என்ன மெஷின் நல்லது?" என்ற அளவோடு நின்றுவிடும். அதற்கு நான் என்ன சொல்ல, பாரமான மெஷின்தான் நல்லது என்பதைத் தவிர?

பேக்கோவை முதலில் கழித்துவிடுவோம். அது மண் வெட்டப் பிறந்தது. பக்கெட் பல்லில் பெல்ட்டைக் கொளுவிப் பைப் கட்டைத் தூக்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல்லின் விளிம்பில் பெல்ட் அறுபடும். பக்கெட் கொஞ்சம் கவிழ்ந்தால் வழுகி வரும். முன்பக்கம் போர்க், அதாவது பலட்டின் அடியில் நுழையும் இரும்புக் கரங்கள், பூட்டிய பேக்கோவும் உண்டு, திறந்த யார்டில் அது பரவாயில்லை. உங்கள் ஸ்டோர்ஸுக்குள் அது திரும்பக்கூட மாட்டாது.

இனி அந்த 3 தொன்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் துலாவைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அப்பாவைக் கேளுங்கள். நடுவில் ஆடுகால், ஒரு பக்கம் வாளி, மறுபக்கம் மிதிக்கிற ஆள். போர்க்லிப்ட் என்பது நாலு சில்லு பூட்டிய துலாதான். முன்சில்லு ஆடுகால், முன்னால் பலட், பின்னால் மிதிக்கிற ஆளுக்குப் பதிலாக வார்ப்பிரும்புக் கட்டி. ஆடுகாலிலிருந்து தள்ளிப் போகப் போக அதே வாளி கூடுதலாகக் கனக்கும். அதனால் மெஷினின் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் "30" (3 தொன் என்பதன் குறி) அரைவாசிக் கதைதான் சொல்லும். மீதி, சாரதி சீற்றுக்குப் பக்கத்தில் அடித்திருக்கும் சின்னத் தகட்டில் இருக்கிறது. உங்கள் அளவு போர்க்லிப்டுகளுக்கு அந்தத் தொன் கணக்கு, சுமையின் நடுப்பகுதி போர்க்கின் நிமிர்ந்த முகத்திலிருந்து 500 மில்லிமீற்றர் தூரத்தில் இருந்தால் என்ற நிபந்தனையோடு வருவது. தகட்டில் எழுத்து தேய்ந்திருந்தால், அல்லது தகடே இல்லையென்றால், புரோக்கருடன் விலை பேசத் தொடங்காதீர்கள்.

உங்கள் பலட்டைப் போட்டுப் பார்ப்போம். 2.5 தொன் மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன் அச்சிலிருந்து போர்க் முகத்துக்கு ஏறக்குறைய 480 மில்லிமீற்றர். உங்கள் பலட் 1.2 மீற்றர் ஆழம் என்று வைத்தால் அதன் நடு 600இல். 480உம் தகட்டின் 500உம் சேர்ந்து 980, 480உம் 600உம் சேர்ந்து 1,080. 2,500ஐ 980ஆல் பெருக்கி 1,080ஆல் பிரியுங்கள்: 2,270 கிலோவை ஒட்டி வரும். உங்கள் பலட் 1,200 கிலோ. தாராளம். இதற்கு 3 தொன் தேவையே இல்லை.

இப்போது ஸ்டோர்ஸ்களில் நடக்கிற ஒரு கெட்டித்தனத்தைச் சொல்கிறேன். கொன்டெய்னர் கதவடியில் இருக்கும் பலட்டை எடுத்த பிறகு, இரண்டாம் வரிசை எட்டாது. உடனே போர்க்கின் மேல் நீளமான இரும்பு உறை ஒன்றை மாட்டி உள்ளே விடுவார்கள். அப்போது சுமையின் நடு 1,800 மில்லிமீற்றருக்குப் போய்விடும். அதே கணக்கைப் போடுங்கள்: 2,500ஐ 980ஆல் பெருக்கி 2,280ஆல் பிரித்தால் 1,075 கிலோ. உறையின் பாரத்தை இன்னும் கழிக்கவில்லை. 1,200 கிலோ பலட்டைத் தூக்கப்போன 2.5 தொன் மெஷினின் பின்சில்லு மெதுவாக மேலே எழும்பக்கூடும். போர்க்லிப்டை ஸ்டியரிங் திருப்புவது பின்சில்லுதான் என்பதால், அது எழும்பிய நிமிஷத்திலிருந்து மெஷின் யாருடைய பேச்சையும் கேட்காது. "அதற்காகத்தான் 3 தொன் வாங்கச் சொல்கிறேன்" என்று புரோக்கர் சொல்லக்கூடும். 3 தொன்னிலும் காகிதத்தில் 1,300 கிலோதான் வரும். உறையைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. உறை, போர்க்கின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. இரண்டாம் வரிசையை எட்டுகிற உறை அதைத் தாண்டித்தான் இருக்கும்.

அப்படியானால் உள்ளே இருக்கும் 20 பலட்டை எப்படி எடுப்பது? உங்கள் உண்மையான கேள்வி இதுதான், நீங்கள் கேட்காத கேள்வி. கொன்டெய்னர் ட்ரெய்லரின் மேல் வந்து நிற்கும். அதன் தரை நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரம். துறைமுகத்தில் என்றால் பெரிய கிரேன் பெட்டியையே தூக்கி இறக்கும். பேலியகொடையில் பெட்டி சில்லின் மேல்தான். உங்கள் ஸ்டோர்ஸில் அந்த உயரத்துக்குக் கட்டிய மேடை இருக்கிறதா என்று எழுதவில்லை. பழைய ஸ்டோர்ஸ்களில் அனேகமாக இருக்காது.

மலிவான வழி, ஹேண்ட் பலட் ட்ரக் ஒன்று வாங்குவது. கையால் இழுக்கும் அந்தச் சின்ன வண்டி 2.5 தொன் தாங்கும். போர்க்லிப்டால் அதைத் தூக்கிக் கொன்டெய்னருக்குள் வைத்துவிடுங்கள். (வண்டியை மட்டும். ஆளை போர்க்கில் நிற்கவைத்து ஏற்றுவதைக் கண்டால் நான் அந்த இடத்தில் தேத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். ஆள் ஏறுவதற்கு ஏணி இருக்கிறது.) உள்ளே இரண்டு பேர் பலட்டைக் கதவடிக்கு இழுத்து வருவார்கள், வெளியே நிற்கும் போர்க்லிப்ட் எடுத்துக்கொள்ளும். கை பழகிய பிறகு ஒரு பலட்டுக்கு நாலைந்து நிமிஷம் பிடிக்கும்; இரண்டு மணித்தியாலத்தில் பெட்டி காலி.

ஆனால் அந்த வண்டி நுழைவதற்குப் பலட்டின் அடியில் வழி வேண்டும். டைல்ஸ் பலட் சிலவற்றில் அடியில் சுற்றிவரப் பலகை அடித்திருப்பார்கள். கை வண்டியின் சின்னச் சில்லு அந்தப் பலகையில் ஏறி நின்று பலட்டை இரண்டாக்கும். உங்கள் டைல்ஸ் மோர்பியிலிருந்து வருகிறதென்று நினைக்கிறேன், குஜராத் டைல்ஸ் அனேகமாக அங்கிருந்துதானே. அடுத்த ஓடரோடு இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: பலட்டின் திறந்த பக்கம் கொன்டெய்னர் கதவைப் பார்த்திருக்க வேண்டும், அந்தப் பக்கத்தின் அடியில் குறுக்குப் பலகை கூடாது. ஏற்றுவதற்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு படம் கேளுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் நீங்கள் எடுக்கும் தீர்மானங்களில் இதுவே பெரியது.

சாய்தளம் வைத்து போர்க்லிப்டையே பெட்டிக்குள் ஏற்றுவது இன்னொரு வழி. மாதம் இரண்டு பெட்டிக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன். எப்போதாவது செய்தால், ட்ரெய்லரை இழுத்து வந்த பிரைம் மூவரைக் கழற்ற விடாதீர்கள். தன் காலில் தனியே நிற்கும் ட்ரெய்லரின் மூக்குப் பக்கம் போர்க்லிப்ட் போனால், பெட்டியோடு மூக்குக் குத்தலாம். கொன்டெய்னர் வாசல் உயரம் 2.28 மீற்றர். போர்க் ஏறி இறங்கும் தூண் இருக்கிறதே, மாஸ்ட், அது மடங்கிய உயரமும் தலைக்கு மேலுள்ள கூட்டின் உயரமும் அதற்குள் இருக்க வேண்டும். உங்கள் ஸ்டோர்ஸ் வாசலுக்கும் இதே பரீட்சைதான். ஷட்டர் முழுதாகச் சுருண்ட பிறகும் தொங்கி நிற்கும் அடிக்கம்பிவரை அளவுங்கள்.

உள்ளே திரும்புவதற்கு 2.5 தொன் மெஷினுக்கு ஏறக்குறைய 4 மீற்றர் அகலப் பாதை வேண்டும். 3 தொன்னுக்கு இன்னும் கொஞ்சம். வாடகை இடத்தில் ஒவ்வொரு மீற்றரும் காசு. பிறகு தரை. 2.5 தொன் மெஷின் தானே மூன்றரை, நாலு தொன் நிறை. உங்கள் பலட்டைத் தூக்கியதும் மொத்தம் ஐந்து தொன்னை ஒட்டும், அதில் மூன்றரைத் தொன் அளவு முன்னால் உள்ள இரண்டு டயரில் இறங்கும். பேலியகொடைப் பக்கம் பல இடங்கள் சதுப்பு நிரப்பிய நிலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு சுத்தியலை எடுத்து, மெஷின் ஓடப்போகும் பாதை முழுக்கத் தட்டிக்கொண்டு நடவுங்கள். கொங்கிறீட்டுக்குக் கீழே மண் இறங்கியிருந்தால் சத்தம் பானையைத் தட்டினாற்போல் மாறும். அந்த இடத்தில் சோக்கால் கோடு போட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மெஷின் வந்த பிறகு காட்டினால் வெடிப்பு உங்கள் தலையில்.

மச்சானின் பூம் ட்ரக்குக்கு வருவோம். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. பைப்புக்கு அதுதான் சரி. ஆறு மீற்றர் பைப் கட்டைப் போர்க்லிப்டில் குறுக்காக ஏந்தினால் ஆறு மீற்றருக்கு மேல் வாசல் வேண்டும். மேலிருந்து தொங்கவிட்டால் நீளவாக்கில் உள்ளே விடலாம். ஆனால் மாதம் ஒரு நாள் பைப்புக்காக ஒரு பூம் ட்ரக் வாங்குவதா? ஹயருக்கு எடுங்கள். டைல்ஸுக்கோ அது உதவாது. கூரைக்குக் கீழே பூம் நிமிராது, கொன்டெய்னருக்குள் அதன் கொக்கி போகாது. அதோடு டிலிவரிக்கென்று அது குருநாகலுக்குப் போயிருக்கும் நாளில், உங்கள் ஸ்டோர்ஸ் வாசலில் வந்து நிற்கும் மேசன்பாஸின் லொறிக்கு யார் ஏற்றுவது?

ஹயருக்கு எடுக்கும்போதும் அந்தத் துலாக் கணக்கு கூடவே வரும். இங்கே ஓடும் பூம்களில் பல ஜப்பானில் ஓடி வந்தவை, தகட்டில் 2.93 தொன் என்று இருக்கும். இதென்ன விசித்திர எண் என்று நானும் ஒரு காலத்தில் யோசித்ததுண்டு. அங்கே 3 தொன்னைத் தொட்டால் கிரேனுக்குக் கடுமையான பரிசோதனை விதிகள் வந்துவிடும், அதனால் தொடாமல் நிறுத்திவிடுகிறார்கள். அந்த 2.93 தொன்னும் பூம் உடம்போடு ஒட்டி, இரண்டரை மூன்று மீற்றருக்குள் நிற்கும்போதுதான். பத்து மீற்றருக்கு நீட்டினால் அரைத் தொன்னே சந்தேகம். மொடலுக்கு மொடல் மாறும், ஆகவே அந்த வண்டியின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டவணை சரியாக இருந்தும் நான் ஒருமுறை தோற்றேன். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை. 600 கிலோ ஜெனரேட்டரை மதிலுக்கு மேலால் எடுத்து வளவுக்குள் வைக்க வேண்டும், பூம் ஆறு மீற்றர் நீள வேண்டும். நான் அட்டவணையில் விரலை வைத்துப் பார்த்து, "போகலாம்" என்றேன். ஒப்பரேட்டர் தூக்கி, மதில் பக்கம் திருப்பினான். எல்லாப் பாரமும், வண்டியை நிலத்தில் தாங்கும் கால்களில் அந்தப் பக்கத்துக் காலுக்கு வந்தது. கால் நின்றது கழிவுநீர்க் கானின் மூடிக் கல்லில். முதலில் பிஸ்கட் உடைகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு கால் முழங்கால்வரை உள்ளே. ஜெனரேட்டர் மதிலில் இடித்து அங்கேயே தொங்கிற்று. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மதில் போய்விட்டது. மதிலுக்குக் காசு கொடுத்தவர்கள் என்னைத் திட்டியதில் ஒரு பிழையும் இல்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்த நான் ஒரு தடவையும் கீழே பார்க்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதைப் பூம் ட்ரக்குக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கொழும்பு ஒழுங்கைகளில் கான் எங்கே ஓடுகிறதென்று முதலில் பாருங்கள், பிறகு காலுக்கடியில் தடித்த மரக்குற்றிகளை வையுங்கள்.

பைப் கட்டுக்கு இரண்டு பெல்ட் போடுவீர்கள். அவை செங்குத்தாக நிற்க நிற்க நல்லது. ஒன்றரைத் தொன் கட்டில் பெல்ட் கிடையோடு 60 பாகை நின்றால் ஒவ்வொன்றிலும் 870 கிலோ அளவு இழுவை. 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு ஒன்றரைத் தொன்! கட்டு அதே கட்டுத்தான். பெல்ட் குட்டையாக இருக்கிறதென்று அகட்டிப் போடும் இடத்தில்தான் அது அறுகிறது. பின்னாளில் பைப்பையும் கொன்டெய்னரில் எடுக்க நினைத்தால் ஒன்று: 20 அடிப் பெட்டியின் உள்நீளம் 5.9 மீற்றர், அதனால் 5.8 மீற்றராக வெட்டித்தான் அனுப்புவார்கள். 6 மீற்றர் விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

டீசலா, பற்றரியா என்று நீங்கள் கேட்கவில்லை, புரோக்கர் காட்டியதை வைத்து டீசல் என்று முடிவெடுத்துவிட்டீர்கள் போல. மூடிய ஸ்டோர்ஸுக்குள் நாள் முழுக்க ஓடுவதென்றால் நான் டீசலுக்குச் சம்மதிக்க மாட்டேன், புகை உள்ளே நிற்பவர்களின் நெஞ்சுக்குள்தான் போகும். உங்கள் வேலையில் பெரும் பங்கு யார்டில், அதுவும் நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம். அதற்கு டீசல் போதும். பழைய பற்றரி மெஷின் மலிவாகத் தெரியும். பற்றரி செத்திருந்தால் புதுப் பற்றரியின் விலை மெஷினின் விலையைத் துரத்தும். வெள்ளமும் ஒரு யோசனை. 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் எப்படி இருந்ததென்று தெரியும்தானே. டீசல் மெஷினை ஒருவன் ஓட்டி மேட்டில் ஏற்றிவிடுவான். பற்றரி மெஷின் அப்போது சார்ஜில் கிடந்தால் கதை வேறு. 2022இலோ இரண்டும் உதவவில்லை: டீசலுக்கு வரிசை, கரண்டுக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டு. அந்த மாதங்களில் ஓடியது கை வண்டி மட்டும்தான், அதையும் சேர்த்து வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே 2.5 தொன் டீசல் ஒன்று, ஹேண்ட் பலட் ட்ரக் ஒன்று, பைப்புக்குப் பூம் ட்ரக் ஹயர். புரோக்கரின் 3 தொன் நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்து, வாசலும் பாதையும் தரையும் இடம் கொடுத்தால் அதை எடுப்பதிலும் தவறில்லை. நிலை நல்லதா என்பதை பெயின்ற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெயின்ற் போன கிழமைதான் அடித்திருப்பார்கள்.

தடிப்பு அளக்கும் வேர்ணியர் ஒன்று கொண்டுபோங்கள். போர்க்கின் நிமிர்ந்த பகுதியில் தடிப்பு எவ்வளவு, குதியில், அதாவது வளைகிற இடத்தில், எவ்வளவு என்று அளவுங்கள். குதி பத்திலொரு பங்கு தேய்ந்திருந்தால் அந்தப் போர்க் கழிவு. 40 மில்லிமீற்றரில் 4 போனாலே போதும். குதியில் வெல்டிங் தழும்பு இருந்தால் அளக்கவே வேண்டாம். அடுத்து, ஒரு டைல்ஸ் பலட்டை இரண்டு மீற்றர் தூக்கி இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். மாஸ்ட்டில் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டு, புரோக்கர் வாங்கித் தரும் பிளேன் டீயைப் பத்து நிமிஷம் ஆறுதலாகக் குடியுங்கள். கோடு நாலு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் சிலிண்டரில் வேலை இருக்கிறது. மெஷின் ஓடிய மணித்தியாலத்தைக் காட்டும் மணி மீற்றர் 3,000 காட்டி, பிரேக் பெடலின் இறப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள்.

மெஷின் கைக்கு வந்தபின் கடதாசி வேலை கொஞ்சம் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தூக்கும் மெஷின்களிலும் செயின், ஸ்லிங் முதலியவற்றிலும் பாதுகாப்பான வேலைச் சுமை எழுதியிருக்க வேண்டும், அதிகாரம் பெற்றவர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஸ்டோர்ஸுக்கு என்னென்ன பொருந்தும் என்று நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் நேரே கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ்காரரும் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்.

ஓட்டுவதற்கு ஆள் எடுக்கும்போது லொறி சாரதியைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் நாட்டாமைமாரில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள். எந்தப் பெட்டி எந்தப் பக்கம் சாயும் என்று அவர்களுடைய தோளுக்குத் தெரியும். லொறி சாரதி பின்சில்லு ஸ்டியரிங்குக்குப் பழகும்வரை உங்கள் ஷட்டர் தூணை இரண்டு தடவையாவது இடிப்பான். பயிற்சி முடிந்து வந்தவரிடம் முதல் நாள் டைல்ஸைக் கொடுக்காதீர்கள். வெறும் பலட்டில் சீமெந்து மூட்டை பத்து அடுக்கி, யார்டில் போகவும் வரவும் விடுங்கள். வாசல் உயரம், பாதை அகலம், பலட்டின் அடிப்பக்கப் படம் மூன்றையும் எனக்கு அனுப்பினால், அந்த 3 தொன்னை விடுவதா எடுப்பதா என்று இன்னும் திட்டமாகச் சொல்வேன்.